மோனேயின் சுண்ணாம்புப் பாறையும் எங்கம்மாவின் கண்ணும்

கடல், பாறை, வெயில். இந்த மூன்றும் உள்ள ஒரு படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே. வரைந்த வருஷம் 1883. இடம், பிரான்சின் வடக்கே நார்மண்டிக் கடற்கரையில் எத்ரத்தா என்கிற ஊர். இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருத்தர், "நமக்கும் அதுக்கும் என்னவே சம்பந்தம்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அழகு என்ற சொல் காதில் விழுந்ததுமே சந்தேகப்படப் பழகியவர்கள் நாம். கோயில் கோபுரம் அழகு என்றார்கள், உள்ளே விடவில்லை. குளக்கரை அழகு என்றார்கள், தண்ணி மொள்ள விடவில்லை. மேலத்தெரு அழகு என்றார்கள், செருப்பைக் கழட்டிக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். அதனால் அழகு என்று யார் எதைக் காட்டினாலும், வாசலில் காவல் நிற்பது யார் என்று முதலில் பார்ப்பது நமக்குப் பழகிப்போனது. அந்தப் பழக்கத்தை விடாமலே இந்தப் படத்தையும் பார்க்கலாம் என்பதுதான் என் பதில்.

எத்ரத்தாவில் கடலோரப் பாறை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் அடியில் படிந்து படிந்து இறுகினது அது. இடையிடையே சிக்கிமுக்கிக் கல் வரி வரியாக ஓடும். கடல் அந்தப் பாறையைக் குடைந்து குடைந்து மூன்று வாசல்களைத் திறந்து விட்டிருக்கிறது. அவற்றில் பெரியது மன்போர்ட். அந்த வாசலைத்தான் மோனே வரைந்தார். அகலம் 81 சென்டிமீட்டர், உயரம் 65 சென்டிமீட்டர் இருக்கும். அதுக்குள்ளே அந்தப் பாறை வளைவு படத்தை அடைத்துக்கொண்டு யானை போல நிற்கிறது. கீழே அலை மோதுகிறது. வெயில் வளைவின் மேல் விழுகிறது. வெயில் பட்ட இடத்தில் பாறை பாறையாக இல்லை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக உருகி நிற்கிறது. எட்டி நின்று பார்த்தால் கல். கிட்டத்தில் வந்தால் தூரிகை இழுத்த கோடுகள்தான்.

நான் அதை முதலில் பார்த்தது பழைய புத்தகக் கடையில் வாங்கின ஒரு கிழிந்த ஓவியப் புத்தகத்தில். அசல் படம் 1951இலிருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பழைய படங்களின் பிரதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டது. அப்புறம்தான் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். வளைவுக்குக் கீழே, கண்ணில் தட்டுப்படாத அளவுக்குச் சின்னதாக, இரண்டு ஆட்கள். இரண்டு மூன்று இழுப்புத்தான். முகம் கிடையாது, என்ன வேலையாக வந்தவர்கள் என்றும் தெரியாது. பாறை எவ்வளவு பெரிசு என்று நமக்குக் காட்டுவதற்கு நிறுத்தி வைத்த அளவுகோல் மாதிரி நிற்கிறார்கள். அந்த இரண்டு பேரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் படம் வேறு படமாகிவிட்டது.

அதுக்குக் காரணம் நான் வந்த இடம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் எங்கம்மா இருபத்தைந்து வருஷம் உப்பு வாரினாள். விடியுமுன்னே மூன்று மணி நாலு மணிக்கு எழுந்து போனால்தான் வெயிலுக்கு முந்த முடியும். நீளக் கம்பு பூட்டின பலகையால் பாத்தியில் உப்பை இழுத்து ஒதுக்கி, கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்த் தட்ட வேண்டும். தட்டத் தட்ட அம்பாரம் வளரும். பத்து மணிக்கு மேல் அந்த அம்பாரத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. மேலேயும் வெயில், கீழேயும் வெயில். வெள்ளை, கண்ணைக் குத்துகிற வெள்ளை. காலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்புத்தண்ணி. ஐப்பசி கார்த்திகை மழைக்கு வேலை கிடையாது, வயிறு மட்டும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்றால் ஒரே தலைப்புத்தான். "இயற்கைக் காட்சி வரையுங்கலே." தமிழ்நாட்டில் படித்த எல்லாருக்கும் அது தெரியும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவிலே சூரியன், அங்கிருந்து ஒரு ஆறு, ஓரத்தில் தென்னை, தென்னைக்கடியில் ஒரு குடிசை. நான் மலையைப் பார்த்ததில்லை. நான் பார்த்த ஒரே மலை உப்பு அம்பாரம். அதை வரைந்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளையை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் நிழலுக்கு ஊதாக் கலர் அடித்தேன். கூடவே கூடையோடு நாலு பொம்பளைகளையும் போட்டேன். வாத்தியார் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டிச் சொன்னார்: "இயற்கையை வரையச் சொன்னா இவன் இவன் சாதிக்காரியள வரைஞ்சிட்டு வந்திருக்கான் பாருங்கலே." எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பில் எல்லார் நோட்டிலும் இருந்த அந்தக் குடிசை எங்கள் குடிசைதான். ஆனால் அதுக்குள்ளே ஆள் இருக்கக் கூடாது. ஆள் வெளியே வந்துவிட்டால் இயற்கை கெட்டுப் போகும். நிலக்காட்சி என்றால் என்ன என்பதற்கு அன்று எனக்குக் கிடைத்த விளக்கம் இது.

நிழலை ஊதாவாகவும் நீலமாகவும் பார்க்கிறவர்கள் உலகத்தில் இருந்தார்கள், அதுக்காகக் கேலியும் பட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1874இல் பாரிசில் மோனேயும் அவர் கூட்டாளிகளும் அரசுக் கண்காட்சியை நம்பாமல், நாதார் என்கிற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். லெ ஆவ்ர் துறைமுகத்து விடியலை மோனே வரைந்த படத்தின் பெயரில் 'இம்ப்ரெஷன்' என்ற சொல் இருந்தது. லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "இம்ப்ரெஷனிஸ்டுகள்" என்று நக்கலடித்தார். ஏச்சாக வந்த பேரைக் கொஞ்ச காலத்தில் அவர்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏச்சைப் பேராக்கிக்கொள்வது நமக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. அவர்களுக்கு மறுக்கப்பட்டது படம் மாட்டும் சுவர். நமக்கு மறுக்கப்பட்டது தண்ணீரும் தெருவும்.

1883 பிப்ரவரியில் மோனே எத்ரத்தா போனபோது அது பழைய மீன்பிடி கிராமமாக மட்டும் இல்லை. 1847இல் பாரிசிலிருந்து லெ ஆவ்ருக்கு ரயில் வந்த பிறகு பணக்காரர்கள் கடற்காற்று வாங்க வர ஆரம்பித்திருந்தார்கள். இசையமைப்பாளர் ஆஃபன்பாக் அங்கே மாளிகையே கட்டியிருந்தார். மோனே போனது குளிர்காலம், அவர்கள் இல்லாத காலம். கடற்கரை ஓட்டலில் தங்கி மூன்று வாரத்துக்குள் சுமார் 20 படங்களைத் தொடங்கினார். பிறகு 1885, 1886இலும் அதே பாறைகளுக்குத் திரும்பினார். ஒரே பாறையைப் பல துணிகளில் ஒரே சமயத்தில் வரைவது அவர் முறை. வெயில் மாறினால் கையில் உள்ள துணியை வைத்துவிட்டு அந்த வெயிலுக்கான துணியை எடுப்பார். அந்த ஊரில் வளர்ந்த எழுத்தாளர் மாப்பசான் இதைக் கூடவே இருந்து பார்த்து 1886இல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு விவரம் எனக்கு முக்கியம். மோனே முன்னால் நடக்க, ஐந்தாறு துணிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் பிள்ளைகள் நடந்தார்களாம். யார் வீட்டுப் பிள்ளைகள், என்ன கூலி என்று அதில் இல்லை. ஒளியின் ஓவியர் என்று ஆயிரம் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ஒளியைச் சுமந்து பாறைப் பாதையில் ஏறி இறங்கின பிள்ளைகளுக்குப் பேர் கிடையாது.

மன்போர்ட் வாசலடிக்குப் போக வேண்டுமானால் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். 1885 நவம்பரில் ஒருநாள் மோனே அந்த நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். படம் வரையும் மும்முரத்தில் இருந்தவரை அலை வந்து அடித்துப் பாறையில் மோதி, இழுத்துக்கொண்டு போனது. சாமானெல்லாம் போச்சு. தாடியெல்லாம் பெயின்டோடு தவழ்ந்து வெளியே வந்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதைப் பெரிய வீரக்கதையாகச் சொல்கிறார்கள். கலைக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்கிறார்கள். இருக்கட்டும். அதே கடற்கரையில் அதே கடலின் நேரத்தைப் பார்த்துத் தினமும் வேலை செய்த இன்னொரு கூட்டம் இருந்தது. துணி துவைக்கும் பெண்கள்.

எத்ரத்தாவில் ஒரு நல்ல தண்ணீர் ஓடை மண்ணுக்கடியில் ஓடிவந்து, கூழாங்கல் கரையில் கடல் உள்வாங்கும்போது மட்டும் ஊற்றாக வெளியே வரும். கடல் பின்வாங்கியதும் அந்தப் பெண்கள் ஓடிவந்து கூழாங்கற்களைத் தோண்டிக் குழி பறித்து, தேங்குகிற தண்ணியில் முட்டி போட்டுத் துவைப்பார்கள். கடல் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். நான் பார்த்த மோனேயின் எத்ரத்தா படங்களில் இந்தப் பெண்கள் இல்லை. யூஜின் பூதேன் 1894இல் அவர்களை வரைந்திருக்கிறார். அந்தப் படம் இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. பூதேன் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி ஒருவரின் மகன். சின்னப் பையனாகக் கப்பலில் எடுபிடி வேலை பார்த்தவர். இளம்பிள்ளையாக இருந்த மோனேயை அறைக்குள்ளிருந்து வெளியே கூட்டி வந்து, வானத்தைப் பார்த்து வரையடா என்று பழக்கினவரும் அவர்தான். படகில் வேலை செய்த கண்ணுக்குக் குனிந்திருக்கும் முதுகு தெரிகிறது. இதை விதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் தற்செயல் என்றும் நம்ப மாட்டேன்.

இங்கே நம்முடைய இடதுசாரி நண்பர்கள், "பார்த்தீர்களா, எல்லா இடத்திலும் வர்க்கம்தான்" என்பார்கள். இல்லை. நார்மண்டியில் துவைத்தவள் ஏழை. அவள் துவைத்தது வறுமையால். அவள் தொட்ட துணியை யாரும் தீட்டு என்று தண்ணி தெளித்து எடுக்கவில்லை. அவள் மகள் வேறு வேலைக்குப் போனால் ஊர் கூடி அடிக்கவில்லை. நம் ஊரில் புதிரை வண்ணார் கதை வேறு. தீண்டப்படாதவர்களின் துணியை வெளுத்ததால் தீண்டப்படாதவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் யார் கண்ணிலும் படக் கூடாது, ராத்திரியில்தான் நடமாட வேண்டும், ராத்திரியில்தான் துவைக்க வேண்டும் என்றிருந்த கொடுமை 1930களில் பதிவாகியிருக்கிறது. காணத் தகாதவர்கள் என்று பேர். நிலத்தைப் பிரித்தார்கள், தண்ணியைப் பிரித்தார்கள் என்று பேசுகிறோம். சாதி வெளிச்சத்தையும் பங்கு போட்டது என்பதைப் பேச வேண்டாமா? வெயில் எல்லார் மேலும் ஒன்றுபோல விழும் என்பது மோனேயின் ஓவியத்துக்கு அடிப்படை. பாறை, அலை, ஆள், படகு எல்லாம் வெளிச்சத்துக்கு ஒன்றுதான். இங்கே அப்படிக்கூட இல்லை. ஒரு கூட்டத்துக்குப் பகலே மறுக்கப்பட்டது. அதனால்தான் இந்தப் படத்தில் எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்கிறேன்.

படத்தின் வெள்ளைக்கும் ஒரு கதை உண்டு. மோனே 1905இல் தன் வண்ணங்களைப் பட்டியலிட்டபோது அதில் இருந்த வெள்ளை, ஈயவெள்ளை. அந்தக் காலத்து எண்ணெய் ஓவியக்காரர்கள் பெரும்பாலும் நம்பியிருந்ததும் அதுதான். அது எப்படிச் செய்யப்பட்டது தெரியுமா? ஈயத் தகடுகளைக் காடி ஊற்றின மண்சட்டிகளில் வைத்து, சட்டிகளைக் குதிரைச் சாணத்துக்குள் அடுக்கடுக்காகப் புதைத்து வாரக்கணக்கில் மூடி வைப்பார்கள். சாணத்தின் சூட்டிலும் ஆவியிலும் ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைச் சுரண்டி, அரைத்து, உலர்த்த வேண்டும். அந்தப் பொடி மூச்சில் போய் வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது, மணிக்கட்டைச் செயலிழக்க வைத்தது, சிலருக்குக் கண்ணையும் பறித்தது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் தொழிலாளிகள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1909இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பெண்களும் 18 வயதுக்குக் கீழானவர்களும் பெயின்ட் அடிக்கும் தொழிலில் ஈயவெள்ளையைத் தொடக் கூடாது என்று உடன்படிக்கை கொண்டுவந்தது. மன்போர்ட் பாறையில் மின்னுகிற அந்த வெயில், சாணத்துக்குள்ளிருந்து வந்த வெயில். அருங்காட்சியகத்தில் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிற சீட்டில் இதை எழுத மாட்டார்கள். நாம் எழுதலாம்.

இப்படியெல்லாம் சொன்னால் மோனேயை வில்லனாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது சுலபமான வேலை, அதில் எனக்கு விருப்பமில்லை. அதே எத்ரத்தா பாறையை 1869இல் வந்து வரைந்த கூர்பே, 1871இல் பாரிஸ் கம்யூனில் நின்று ஜெயிலுக்குப் போய், 1877இல் சுவிட்சர்லாந்தில் அகதியாகச் செத்தார். அவர் அரசியலுக்குச் சரியானவர், மோனே சரியில்லாதவர் என்று பிரித்துப் போட்டுவிடலாம். ஆனால் மோனேயிடமும் ஒரு படம் இருக்கிறது. 1886 இலையுதிர் காலத்தில் பிரிட்டனிக்கு அருகே பெல்-ஈல் தீவில் கரும்பாறைகளை வரையப் போனார். காற்றும் மழையும் சாய்த்துத் தள்ளுகிற இடம். அங்கே பொலி என்று கூப்பிடப்பட்ட ஒரு மீனவர்தான் அவருடைய சாமான்களைச் சுமந்தார். பாறைகளையும் கடலையும் முடித்துக் கிளம்புவதற்குள் மோனே அந்தப் பொலியை உட்கார வைத்து வரைந்தார். தாடி, காற்றடித்துச் சிவந்த முகம், நேராகப் பார்க்கும் கண். இப்போது பாரிசில் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வரைந்த கடற்கரைப் படங்கள் எத்தனையோ. சுமந்தவனின் முகமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அந்த ஒன்றைப் பார்க்கிறபோது மன்போர்ட்டுக்கடியில் நிற்கும் இரண்டு பேருக்கும் முகம் இருந்திருக்கும் என்று உறுதிப்படுகிறது.

கண்ணைப் பற்றிச் சொல்லி ஆக வேண்டும். மோனேக்கு 1912இல் கண்புரை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நீலம் மங்கி எல்லாம் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. 1923இல், 82 வயதில், வலது கண்ணில் ஆபரேஷன். 1926இல் சாகும் வரை வரைந்துகொண்டிருந்தார். உப்பளத்தில் கண் போவது புதுச் செய்தி இல்லை. வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை அரித்துவிடும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். எங்கம்மாவுக்கு ஐம்பது வயசுக்குள்ளேயே புரை விழுந்தது. "வெள்ளையப் பாத்துப் பாத்துத்தாம்ல கண்ணு வெளுத்துப் போச்சு" என்பாள். முகாமில் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கட்டெல்லாம் அவிழ்த்த பிறகு ஒருநாள் இந்தப் படத்தை அவளிடம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது யாரு அளம்?" என்றாள்.

"உப்பு இல்லம்மா. சுண்ணாம்புப் பாறை. வெளிநாடு."

"வேலை ஒண்ணும் நடக்கலியே. சும்மா நிக்குற பாறையவா வரைஞ்சான்?"

"ஆமா."

திரும்பவும் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "வெயிலு நல்லா விழுந்திருக்கு. இது காலை வெயிலு இல்லல. நாலு மணி வெயிலு."

மணி சரியா தப்பா என்பது இங்கே விஷயமில்லை. மோனே ஐந்தாறு துணிகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிக்கொண்டு பிடிக்க அலைந்தது அந்த மணியைத்தான். அதைக் கேட்டு வாங்கியவள் எங்கம்மா. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரே வரியில் சொன்னாள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதிலும் மர்மமில்லை. பாத்தியில் தண்ணி வெளிறிக் கிடந்தால் ஒன்று, செவந்து வந்தால் உப்பு விளையப் போகிறது என்று அர்த்தம். வானத்தைப் பார்த்து, தண்ணியின் நிறத்தைப் பார்த்து, இருபத்தைந்து வருஷம் கணக்கு வைத்த கண் அது. அந்தக் கண்ணுக்குக் கூலி கொடுத்தார்கள், அதுவும் அரைக்கூலி. ஓவியம் பார்க்கத் தெரிந்த கண் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

தலித் அழகியல் என்று பேசும்போது வலியையும் கோபத்தையும் மட்டும் நம் பங்காக ஒதுக்கி வைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒளி, கடல், நிறம் எல்லாம் அவர்களுடையவை, அழுக்கும் ரத்தமும் நம்முடையவை என்று நாமே வேலி போட்டுக்கொண்டால் அது யார் போட்ட வேலி? நிறத்தைப் படிக்கத் தெரியாமல் உப்பு வார முடியாது. வெயிலைப் படிக்கத் தெரியாமல் நாத்து நட முடியாது, சூளையில் செங்கல் சுட முடியாது. வெளிச்சத்தோடு நம் ஜனங்களுக்கு உள்ள பழக்கம் வேடிக்கை பார்ப்பவனின் பழக்கமில்லை, உடம்பில் ஏறின பழக்கம். அது ஏன் ஓவியமாகக் கூடாது?

ஓவியக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். மோனேயைப் பாருங்கள், கூச்சமில்லாமல் பாருங்கள், நிழலுக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வரப்பில் நின்றுகொண்டு உப்பளத்தை வரையாதீர்கள். பாத்திக்குள் இறங்கி, உப்புத்தண்ணி காலில் எரிய எரிய நின்று, அங்கேயிருந்து அம்பாரம் எப்படித் தெரிகிறது என்று வரையுங்கள். கூடையோடு வருகிற பெண்ணை இரண்டு இழுப்பில் முடிக்காமல், அவள் முகத்தில் எத்தனை மணி வெயில் விழுகிறது என்று அவளிடமே கேட்டு வரையுங்கள்.